பின்னட்டைக் குறிப்பில் பிழை: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே முந்நூறு பக்கம் சுத்தமாக இருக்கும். பின்னட்டையில் ஆசிரியரைப் பற்றி எட்டே வரி இருக்கும், அதில் மூன்று தப்பு இருக்கும். அஞ்சலிக் கட்டுரை, விழா மலர், நூற்றாண்டு மலர் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆள் எவ்வளவு பிரபலமோ அவ்வளவு பிழை. பிரபலமானவரைப் பற்றி எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் யாரும் சரிபார்ப்பதில்லை.

ஒரே மாதிரிப் பிழைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில், எந்த அறிகுறிக்கு எங்கே கைவைப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கக்கூடியது முதலில், நூலகம் போக வேண்டியது அப்புறம், இன்னொருவரைக் கூப்பிட வேண்டியது கடைசியில்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. குறிப்பில் 'மார்க்சியர்', 'திராவிட இயக்கத்தவர்', 'தமிழ்த்தேசியர்', 'காந்தியர்' என்று எது இருந்தாலும் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்வி எழுதிவிடுங்கள்: எப்போது? யார் சொன்னது? பாதிப் பிழை அங்கேயே உதிர்ந்துவிடும்.

## அறிகுறி: பிறந்த தேதி இடத்துக்கு இடம் மாறுகிறது

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பிழை எங்கே நடந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஒரு வருஷம் என்றால்: தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டாக மாற்றியபோது சறுக்கியிருக்கிறார்கள். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே மார்கழியின் பின்பாதியும் தை, மாசி, பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழும். உ.வே.சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருஷம், மாசி மாதம். ஆனந்த வருஷம் தொடங்கியது 1854 ஏப்ரலில். அட்டவணையில் அதைப் பார்த்து 1854 என்று போட்டுவிட்டால் போச்சு. அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19.

அறுபது வருஷம் என்றால்: சிரிக்க வேண்டாம், நடக்கிறது. பாரதி பிறந்த சித்திரபானு 1882-83. அதே பெயர் 1942-43இலும் 2002-03இலும் திரும்ப வரும். பழைய நூலின் முகப்பில் வெறும் வருஷப் பெயர் மட்டும் இருந்தால், அச்சகத்தின் பெயரையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நாள் என்றால்: நள்ளிரவுச் சங்கதி. பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 என்று ஒரு சாரார், 12 என்று ஒரு சாரார். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். விடிந்தால்தான் மறுநாள் என்பது நம் வீட்டுக் கணக்கு, பன்னிரண்டு அடித்தால் மறுநாள் என்பது நகராட்சிக் கணக்கு. இறப்புப் பதிவில் 12, அரசு நினைவுகூர்வது 11. இதில் 'சரியானது' எது என்று சண்டை போடுவதை விட, '11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின்' என்று எழுதிவிட்டுப் போவது நல்லது. இரண்டு கட்சிக்காரரும் கடிதம் போட மாட்டார்கள்.

மாதமே வேறு என்றால்: பள்ளிக்கூடம்தான் காரணம். மே, ஜூன் மாதத்துத் தேதி எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும், முக்கியமாக ஜூன் 1. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயசு வந்துவிட்டது, ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். ஆயுசு முழுக்கச் சான்றிதழில் அதுதான்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்புக்கு நான் மெய்ப்புப் பார்த்தபோது, குறிப்பில் 1.6.1938 என்று இருந்தது. அவருடைய எண்பதாவது பிறந்தநாள் மலரிலோ ஜனவரி. கேட்டதற்கு, மஞ்சள் தடவிய ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். 'வெகுதானிய வருஷம் மார்கழி மாதம்' என்று அவர் அப்பாவின் கையெழுத்து. வெகுதானியம் 1938-39. மார்கழி என்பதால் 1938 டிசம்பராகவும் இருக்கலாம், 1939 ஜனவரியாகவும் இருக்கலாம். தேதி இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது, நட்சத்திரமும் கிழமையும் மட்டும் மிச்சம். பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்தினால் ஒரே ஒரு நாள்தான் அகப்பட்டது, ஜனவரி முதல் வாரத்தில். பள்ளிக்கூடம் அவரை ஏழு மாதம் மூப்பாக்கி, ஓய்வும் ஏழு மாதம் முன்னாடியே கொடுத்திருக்கிறது. "பென்ஷன்காரனிடம் இதைச் சொல்லாதீங்க சார்" என்றார்.

கடைசியில் குறிப்பில் என்ன போட்டோம்? வருஷத்தை மட்டும், 1939 என்று. ஆவணமும் குடும்பமும் ஒத்துப்போகாத இடத்தில் நாள், மாதம் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

## அறிகுறி: எல்லோருக்கும் தெரிந்த கதை, தேதியோடு ஒட்டவில்லை

பாரதியைத் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது, அதில் இறந்தார் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். யானை தள்ளியது உண்மை. ஆனால் அதிலிருந்து தேறி எழுந்து சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையம் வரை பயணம் செய்து பேசிவிட்டு வந்தார். உயிரைக் கொண்டுபோனது அதற்கப்புறம் வந்த வயிற்றுக்கடுப்பு.

சோதனை எளிது. 'அதனால்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில் எத்தனை வாரம், எத்தனை மாதம் என்று எண்ணுங்கள். நடுவில் அந்த ஆள் ரயிலேறியிருந்தால் 'அதனால்' போய்விட வேண்டும்.

வயசுக் கணக்கும் இதே சாதி. கான்பூரில் 1925 டிசம்பரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலரை 'இளம் தலைவர்' என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அவர் 1860இல் பிறந்தவர். அப்போது வயசு அறுபத்தைந்து.

## அறிகுறி: ஒருவருடைய வாழ்க்கையில் இன்னொருவருடைய வாழ்க்கை கலந்திருக்கிறது

நூல் பட்டியல் அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், அல்லது ஒரே ஆள் இரண்டு ஊரில் ஒரே ஆண்டில் வேலை பார்த்தால், இதைச் சந்தேகப்படுங்கள்.

முதலெழுத்துக் குழப்பம். எஸ். ராமகிருஷ்ணன் என்றால் யார்? கம்பனைப் பற்றியும் பாரதியைப் பற்றியும் எழுதிய மதுரைக் கம்யூனிஸ்ட் எஸ்.ஆர்.கே. ஒருவர். அகராதி கொண்டுவந்த க்ரியா ராமகிருஷ்ணன் ஒருவர், 2020 நவம்பரில் மறைந்தார். இன்று எழுதிக்கொண்டிருக்கும் நாவலாசிரியர் ஒருவர். மூன்று பேருக்கும் அதே முதலெழுத்து. நூலகப் பட்டியல்களில் ஒருவர் புத்தகம் இன்னொருவர் கணக்கில் ஏறிக் கிடக்கும். தலைப்பை நம்பாமல் பதிப்பகம், பதிப்பாண்டு இரண்டையும் வைத்துப் பிரிக்க வேண்டும்.

இரட்டையர் குழப்பம். இது இன்னும் மோசம், ஏனென்றால் பாதித் தகவல் இருவருக்கும் பொருந்தும். கைலாசபதியும் சிவத்தம்பியும் இலங்கைத் தமிழர், மார்க்சிய விமர்சகர்கள், பேராதனையில் படித்தவர்கள், பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். ஆனால் இலங்கைத் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தது கைலாசபதி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்துக்கு 1974இல் முதல் தலைவரானதும் அவர். பிறந்ததோ கோலாலம்பூரில், 1933இல். 'யாழ்ப்பாணத்தில் பிறந்த' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற இடம் இது. கரவெட்டியில் பிறந்தவர் சிவத்தம்பி. முன்னவர் 1982இல் நாற்பத்தொன்பது வயசில் போய்விட்டார், பின்னவர் 2011 வரை இருந்தார். எண்பதுகளுக்குப் பிந்தைய நிகழ்ச்சி எதிலாவது கைலாசபதி வந்தால் ஆள் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இலங்கையில் கம்யூனிஸ்ட் கட்சி மாஸ்கோ பக்கம், பீக்கிங் பக்கம் என்று பிளந்தபோது இருவரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 'இருவரும் மார்க்சியர்' என்ற வரி சரியாக இருந்துகொண்டே உங்களைக் கவிழ்த்துவிடும்.

பழைய பெயர். தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், அந்த ஆண்டில் அவருக்கு அந்தப் பெயரே இருந்திருக்காது. மறைமலையடிகளை 1916க்கு முன் தேடினால் வேதாசலம் என்று தேட வேண்டும். அயோத்திதாசர் காத்தவராயனாகப் பிறந்தவர், ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா என்கிற ஜீவானந்தம் பிறந்தபோது சொரிமுத்து. 'பெரியார்' என்ற பட்டம் 1938 நவம்பரில் சென்னைப் பெண்கள் மாநாட்டில் வந்தது. இருபதுகளின் பத்திரிகையில் 'ஈ.வெ.ராமசாமி நாயக்கர்' என்றால்தான் வருவார். அதையும் 'இராமசாமி', 'ராமசாமி' என்று இரண்டு எழுத்திலும் போட்டுப் பாருங்கள். ஓர் 'இ'யால் எனக்கு ஒரு முழு நாள் வீணாகியிருக்கிறது.

## அறிகுறி: எல்லாவற்றையும் அவரே நிறுவியிருக்கிறார்

இதில் தப்பு பெயர்ச்சொல்லில் இருக்காது, வினைச்சொல்லில் இருக்கும். நிறுவினார், தொடங்கினார், தலைமை ஏற்றார், கலந்துகொண்டார், ஆதரித்தார். இந்த ஐந்துக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அஞ்சலி எழுதுபவர்கள் எல்லாவற்றையும் ஒரு படி மேலே தூக்கிவிடுவார்கள்.

நீதிக்கட்சியைப் பெரியார் நிறுவினார் என்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது என் மேஜைக்கு வரும். நிறுவியவர்கள் தியாகராயர், டி.எம்.நாயர், நடேசனார், ஆண்டு 1916. பெரியார் அப்போது ஈரோட்டில் வியாபாரி, காங்கிரசில் சேர்ந்ததே 1919இல். நீதிக்கட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது 1938 டிசம்பரில், அவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையில் இருக்கும்போது. அந்தக் கட்சிதான் 1944இல் சேலத்தில் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அப்படியானால் திராவிடர் கழகத்தை அவர் 'நிறுவினாரா', 'பெயர் மாற்றினாரா'? நான் 'உருவாக்கினார்' என்று விட்டுவிடுவேன். அடித்துக்கொள்ளத் தேவையில்லாத இடம்.

வைக்கமும் அதேதான். போராட்டம் தொடங்கியது 1924 மார்ச் 30. தொடங்கியவர்கள் டி.கே.மாதவன், கே.பி.கேசவமேனன் முதலான கேரளத் தலைவர்கள். அவர்கள் சிறைக்குப் போனபின் ஏப்ரலில் போய்ப் பொறுப்பை ஏற்றவர் பெரியார், இருமுறை சிறை சென்றார். 'தொடங்கினார்' என்று எழுதினால் கேரளக்காரர் கேட்பார், 'பங்கேற்றார்' என்று எழுதினால் நம்மூர்க்காரர் கேட்பார். இரண்டு பேர் கோபமும் நியாயம். 'தலைமை ஏற்று நடத்தினார்' என்பது ஆவணத்தோடு நிற்கும்.

அம்பேத்கரை 'இந்தியக் குடியரசுக் கட்சியின் நிறுவனர்' என்பார்கள். கட்சி முறைப்படி அமைந்தது 1957 அக்டோபரில். அவர் காலமானது 1956 டிசம்பர் 6. திட்டம் அவருடையது, நிறுவியது அவருக்குப் பின் வந்தவர்கள். அவரே நிறுவியவை சுதந்திரத் தொழிலாளர் கட்சி, 1936, பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, 1942.

## அறிகுறி: பெயருக்கு முன் 'டாக்டர்', பின்னால் ஆண்டு இல்லை

ஆய்வு செய்து வாங்கியதா, கௌரவமாகக் கொடுத்ததா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். ஆய்வுப் பட்டம் என்றால் தலைப்பு இருக்கும், நெறியாளர் இருப்பார், பல்கலைக்கழக நூலகத்தில் பிரதி இருக்கும். அண்மைக் காலத்து இந்திய ஆய்வேடு என்றால் சோத்கங்கா என்ற இணையச் சேமிப்பில் பார்க்கலாம்.

ஆண்டு மட்டும் முரண்பட்டால் உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். அம்பேத்கரின் கொலம்பியா முனைவர் பட்டத்துக்கு 1916, 1917, 1927 என்று மூன்று ஆண்டு காணக் கிடைக்கும். ஆய்வேடு எழுதியது முதலாம் உலகப்போர்க் காலம், புத்தகமாக அச்சானது 1925, பட்டம் முறைப்படி வந்தது 1927. லண்டனில் வாங்கிய டி.எஸ்ஸி. 1923. இவை உழைத்து வாங்கியவை. 1952இல் கொலம்பியாவும் 1953இல் உஸ்மானியாவும் கொடுத்தவை கௌரவப் பட்டங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் கொட்டிக் கலக்கும்போதுதான் குழப்பம்.

தேர்தலில் நின்றவர் என்றால் வேட்புமனுவோடு தந்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். படிப்பை அதில் கொஞ்சம் அடக்கித்தான் சொல்லியிருப்பார்கள்.

## அறிகுறி: கட்சி அடையாளம் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று

அதிகம் சண்டை வருவது இங்கே. அதிகம் தப்பு நடப்பதும் இங்கே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவதுதான் நம் கை செய்யும் முதல் காரியம். அடிக்காதீர்கள். முதலில் ஒரு துண்டுத்தாளில் ஆண்டு வரிசையாக எழுதுங்கள்.

அவர் மாறியிருக்கிறாரா? பெரியார் 1919 முதல் 1925 வரை காங்கிரஸ்காரர். 1954க்குப் பின் காமராஜருக்காகக் காங்கிரசை ஆதரித்தவர், 1967 தேர்தலில்கூடத் தி.மு.க.வுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர், தேர்தல் முடிந்ததும் அண்ணா ஆட்சியை அரவணைத்தவர். ஆண்டு இல்லாமல் எழுதினால் இதில் எந்த வரியும் வதந்தி மாதிரித்தான் தெரியும்.

கட்சி மாறியிருக்கிறதா? ஜீவாவைச் சி.பி.ஐ.யா, சி.பி.எம்.மா என்று கேட்டு ஒரு மலர்க்குழு எனக்குத் தொலைபேசி செய்தது. கட்சி பிரிந்தது 1964இல். ஜீவா 1963 ஜனவரி 18இலேயே போய்விட்டார். கேள்வியே எழாது. 'கம்யூனிஸ்ட் கட்சி' என்று மட்டும் எழுதினால் போதும்.

தடை இருந்ததா? கம்யூனிஸ்ட் கட்சி 1934 முதல் 1942 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் பலர் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சிக்குள் இருந்து வேலை செய்தார்கள், அது காங்கிரசுக்குள்ளேயே இருந்த அமைப்பு. ஆகவே 1937இல் 'காங்கிரஸ்' என்றும் 'கம்யூனிஸ்ட்' என்றும் ஒருவரைப் பற்றி இரண்டு தகவல் வந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

சின்னம் வேறு, கட்சி வேறா? ம.பொ.சி. 1967இல் தியாகராய நகரில் வென்றதைத் தேர்தல் பட்டியலில் பார்த்தால் தி.மு.க. என்று இருக்கும். அதை நம்பி அவரைத் 'திராவிட இயக்கத்தவர்' என்று ஓர் இளைஞர் எழுதி வந்தார். திராவிட நாடு கோரிக்கையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், 1946இல் தமிழரசுக் கழகம் கண்டவர். உதயசூரியனில் நின்றது கூட்டணி ஏற்பாடு. பட்டியல் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் பலவா? சிங்காரவேலர் பௌத்தர், காங்கிரஸ்காரர், கம்யூனிஸ்ட், சுயமரியாதை ஏட்டில் எழுதியவர். 1922இல் கயா காங்கிரஸ் மாநாட்டு மேடையிலேயே தன்னைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு இடத்தில் மே தினம் கொண்டாடியவர். இவரை எந்த டப்பாவில் போடுவது என்று திணறுவது நம் பிரச்சினை. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆண்டே அரசியலா? எச்சரிக்கை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றியது எப்போது? 1920 தாஷ்கண்ட் என்பது சி.பி.எம். கணக்கு, 1925 கான்பூர் என்பது சி.பி.ஐ. கணக்கு. திராவிட இயக்கத்தை 1912இலிருந்து எண்ணித்தான் 2012இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள், 1916இலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. குறிப்பில் 'தொடக்க காலத்திலேயே இயக்கத்தில் சேர்ந்தவர்' என்று வந்தால், எந்தத் தொடக்கம் என்று கேட்டே ஆக வேண்டும். தேதியைப் போடும்போதே நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

## அறிகுறி: பழைய பத்திரிகையில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் இடிக்கிறது

சொல் அதேதான், பொருள் நகர்ந்துவிட்டது.

'தீவிரவாதி பாரதி' என்று 1907ஐப் பற்றிய எழுத்தில் படித்தால் பதற வேண்டாம். சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது திலகர் பக்கம் நின்றவர்கள் தீவிரவாதிகள், எதிர்ப்பக்கம் மிதவாதிகள். அந்தச் சொல்லை இன்றைய பின்னட்டையில் அப்படியே போட்டால் போலீஸ் தேடும் ஆள் மாதிரி ஆகிவிடும். 'திலகர் அணி' என்று மாற்றிவிடுவேன்.

ராஜாஜி 1937இல் 'பிரதமர்' ஆனார் என்று பழைய ஏடுகளில் இருக்கும். சென்னை மாகாணப் பிரதமர். முதலமைச்சர் என்ற பெயரில் அவர் ஆண்டது 1952 முதல் 1954 வரை. மாகாணம் என்ற சொல்லை வெட்டிவிட்டால் இந்தியாவின் பிரதமர் பட்டியலே மாறிப்போகும்.

'தோழர்' இன்னும் வேடிக்கை. பெரியார் 1932இல் ஐரோப்பா, ரஷ்யப் பயணம் முடித்துவிட்டு வந்தபின் ஸ்ரீ, ஸ்ரீமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோழர் என்றே எழுதச் சொன்னார். அதற்கப்புறம் அவருடைய குடிஅரசு இதழில் எல்லோரும் தோழர்தான், எதிராளிகள் உட்பட. 'தோழர் என்று விளிக்கப்பட்டதால் இவர் இடதுசாரி' என்று ஓர் ஆய்வுக்கட்டுரையில் வந்தது. அந்தக் கணக்கில் காங்கிரசில் பாதிப்பேர் இடதுசாரி.

அயோத்திதாசரைத் 'தலித் சிந்தனையாளர்' என்பது நம் காலத்துச் சொல். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அவர் தன் எழுத்தில் பயன்படுத்தியவை பூர்வபௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் போன்றவை. இன்றைய வாசகருக்காக இன்றைய சொல்லைப் போடுவதில் தப்பில்லை. 'தன்னைத் தலித் என்று அழைத்துக்கொண்டார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

## அறிகுறி: பத்து இடத்தில் இருக்கிறது, ஆனால் யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை

எண்பது தாண்டிய ஒரு விமர்சகரின் பின்னட்டைக் குறிப்பில் 'முன்னாள் நக்சலைட்' என்று இருந்தது. எழுதிக்கொடுத்த பையனைக் கேட்டேன். "சார், எல்லா இடத்திலும் இருக்கே" என்றான். இருந்தது. ஏழெட்டு கட்டுரையில் அதே இரண்டு சொல், அதே வரிசையில். அந்த 'அதே வரிசை'தான் துப்பு. ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். 2019இல் எழுதியவர் 2014ஐப் பார்த்திருக்கிறார், அவர் 2009ஐ. கடைசியில் வந்து நின்ற இடம் தொண்ணூறுகளின் ஒரு சிற்றிதழ். இவரோடு சண்டையில் இருந்த ஒருவர் எழுதிய எதிர்வினையில், 'நம்முடைய முன்னாள் நக்சலைட் நண்பர்' என்று ஒரு கிண்டல். இவர் அந்தக் கட்சியில் ஒரு நாளும் இருந்ததில்லை, ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். கிண்டல் காய்ந்து தகவலாகிவிட்டது. பத்து சாட்சி இல்லை, ஒரே சாட்சியின் ஒன்பது எதிரொலி.

இந்த வகைக்கு என் படிகள் இவை. ஒரே சொற்றொடர் அச்சுப் பிசகாமல் திரும்புகிறதா பாருங்கள். எழுதிய ஆண்டுப்படி அடுக்கி, மிகப் பழையதை எடுங்கள். அதை எழுதியவர் அவருக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்று கேளுங்கள். அப்புறம் அவரே தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று முன்னுரைகளில் தேடுங்கள்.

அவரே சொல்லியிருந்தாலும் அதோடு முடியாது. தன்னைப் 'பெரியாரியர்' என்று சொல்லிக்கொள்பவரை மற்றவர்கள் அப்படி ஏற்காமல் இருக்கலாம். அப்போது இரண்டையும் யார் சொன்னது என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். 'தன்னைத் தமிழ்த்தேசியர் என்று கூறிக்கொள்பவர்' என்பதில் ஒரு முகச்சுளிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கவனம். 'தமிழ்த்தேசியர் என்று தன்னை அடையாளப்படுத்தியவர்' என்றால் சுளிப்பு குறையும். 'சங்கி', 'அர்பன் நக்சல்', 'உபி' (தி.மு.க.வினரின் 'உடன்பிறப்பு' என்பதன் கேலிச் சுருக்கம்) போன்றவை வசவு, அவற்றுக்குச் சரிபார்ப்பே தேவையில்லை, வெட்டு ஒன்றுதான்.

அடையாளமே இல்லாமல் எழுத முடியுமா என்றும் ஒரு முறை முயன்று பாருங்கள். 'இடதுசாரி அறிஞர்' என்பதை விட 'இருபது ஆண்டு தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர்' என்பது வாசகருக்கு அதிகம் சொல்கிறது. பாதி நேரம் அடையாளச் சொல் வருவதே, செய்தது என்ன என்று எழுதியவருக்குத் தெரியாததால்தான்.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது?

இரண்டு அச்சு ஆதாரம் முட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டும் பழையது என்றால் நூலகம். சென்னையில் தரமணி ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர் கன்னிமாரா, தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இலங்கை எழுத்தாளர் என்றால் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேமிப்பு வீட்டிலிருந்தே கிடைக்கும். அங்குள்ளவர்களிடம் 'இவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'இந்தப் பத்திரிகை, இந்த ஆண்டு, இந்த இரண்டு மாதம்' என்று கேளுங்கள். அரை மணியில் கையில் இருக்கும்.

அவர் எழுத்து எந்தப் பதிப்பில் என்னவாக மாறியது என்ற அளவுக்குப் போனால், அந்த ஆளைப் பற்றியே ஆய்வு செய்தவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். ஒன்று என்றால் பதில் வரும், பதினைந்து என்றால் வராது.

குடும்பத்தைக் கேட்பது பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உயிரோடு இருக்கும்போது வாங்காமல் மறுத்த விருது, இப்படிப்பட்ட சங்கதிகளுக்கு. அரசியல் அடையாளத்துக்குக் குடும்பத்தைக் கேட்டால் அநேகமாக எல்லாமே மழுங்கி 'அவர் எல்லோருக்கும் பொதுவானவர்' என்று வரும்.

வழக்கு, கைது, கையாடல், தடைசெய்யப்பட்ட அமைப்பு, மதமாற்றம், இரண்டாம் திருமணம். இவற்றில் ஒன்று குறிப்பில் இருந்து, ஆவணம் கையில் இல்லை என்றால், அச்சுக்கு அனுப்பும் முன் வழக்கறிஞர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு இருக்கிறது. செத்தவரைப் பற்றித்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் இறந்தவரைப் பற்றிய எழுத்தும் அதில் வரும். உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது, பொதுநன்மைக்காக என்பதும் சேர்ந்தால்தான் விலக்கு. இங்கே மெய்ப்புக்காரர் முடிவெடுக்கக் கூடாது, நான் எடுப்பதில்லை.

அச்சான பிறகு பிழை தெரிந்தால், உள்பக்கம் என்றால் ஒட்டுச்சீட்டு, அட்டை என்றால் அட்டையை மட்டும் மறுபடி அடித்து மாற்றலாம். நக்சலைட் விஷயத்தில் அட்டை ஏற்கெனவே லேமினேஷனுக்குப் போயிருந்தது. ஐந்நூறு அட்டை. பதிப்பாளர் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்ப அடித்தார். பழைய அட்டைகளைத் திருப்பிப் போட்டு அலுவலகத்தில் இரண்டு வருஷம் கணக்கெழுதினார்கள்.